ஆயில் ஃபில்டர்: ஒரு தகர டப்பாவின் வரலாறு



போன தடவை ஏரி மதகுகளைப் பற்றி எழுதியவன் இந்தத் தடவை கார் எஞ்சினுக்குள் தலையை விடுகிறானே என்று நினைக்க வேண்டாம். ஓடுகிற ஒன்றை எந்த வழியாக விடுவது, வழி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் இரண்டிலும் கேள்வி. மதகில் அது தண்ணீர், இங்கே எண்ணெய்.

காருக்கு ஆயில் மாற்றும்போது கூடவே ஒரு தகர டப்பாவையும் மாற்றுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் பிடித்துவிடக்கூடிய அளவுதான் இருக்கும். அது வரும் அட்டைப்பெட்டியிலோ டப்பாவின் மேலேயோ படம் போட்டு நாலு குறிப்புகள் இருக்கும். பழைய ரப்பர் ரிங் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவும். புது ரிங்கில் கொஞ்சம் எண்ணெய் தடவவும். கையால் மட்டும் திருகவும். ரிங் எஞ்சினைத் தொட்ட பிறகு இன்னும் முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகத் தெரிந்தவனுக்கு இதில் என்ன சொல்லித்தர இருக்கிறது என்று யாரும் அதைப் படிப்பதில்லை.

படிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஃபில்டரே இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1908-ல் ஃபோர்டு மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார்கள். அந்தக் காரில் ஆயில் ஃபில்டர் கிடையாது. அதை விடுங்கள், ஆயில் பம்ப்பே கிடையாது! எஞ்சினின் பின்பக்கத்தில் சுற்றும் பெரிய ஃப்ளைவீல் அடியில் கிடக்கும் எண்ணெயை வாரி இறைக்கும். அதில் கொஞ்சத்தை ஒரு புனல் பிடித்து, குழாய் வழியாக எஞ்சினின் முன்பக்கத்துக்கு அனுப்பும். அங்கிருந்து அது பின்னால் வழிந்து வரும்போது பள்ளங்களில் தேங்கும். கனெக்டிங் ராடுகள் சுற்றும்போது அந்தப் பள்ளங்களில் முங்கி எழுந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எண்ணெய் போதுமா என்று பார்க்க டிப் ஸ்டிக்கும் இல்லை. எஞ்சினின் அடியில் மேலும் கீழுமாக இரண்டு குட்டிக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்தால் வரக்கூடாது, கீழ்க் குழாயைத் திறந்தால் வரவேண்டும். வண்டிக்கு அடியில் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுத்தம்? அது ஓட்டுகிறவர் பாடு. சில நூறு மைலுக்கு ஒரு தடவை எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டியதுதான். அப்போது பெரும்பாலான ரோடுகள் மண் ரோடுகள். காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரும் பெரும்பாலான கார்களில் இல்லை. எஞ்சின் மூச்சு விடும்போதெல்லாம் புழுதியை உறிஞ்சும். போதாததற்கு வார்ப்பு வேலையில் மிஞ்சிய மணல், தேய்ந்து உதிரும் உலோகத் துகள், எரியாமல் கீழே இறங்கும் பெட்ரோல், கரி எல்லாம் எண்ணெயில் கலந்துவிடும். கொஞ்ச நாளில் அது எண்ணெய் என்பதைவிட சாணை பிடிக்கும் கலவை என்பதே சரி. கத்தியைத் தீட்ட நல்லது, பேரிங்குக்கு அல்ல.

பம்ப் இருந்த கார்களில்கூட பம்ப் வாயில் ஒரு கம்பி வலை, அவ்வளவுதான். நம் வீட்டு டீ வடிகட்டி மாதிரி. நட்டு போல்ட்டைத் தடுக்கும், புழுதியைத் தடுக்காது.

இந்த இடத்தில்தான் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்ற கலிஃபோர்னியாக்காரர் வருகிறார். இவர் கார்க்காரர் அல்ல, வடிகட்டிக்காரர். ஆலைகளில் பயன்படும் பெரிய அழுத்த வடிகட்டிகளைச் செய்து ஏற்கெனவே பெயர் வாங்கியவர். சர்க்கரைச் சாற்றைத் தெளிய வைக்கும் ஆலைகளில் ஸ்வீட்லாண்ட் ஃபில்டர் என்றே ஒரு இயந்திரம் உண்டு. ஆலையில் செய்ததை எஞ்சினுக்கும் செய்தால் என்ன என்று யோசித்து, ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்பவரோடு சேர்ந்து 1923-ல் காருக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார். அதன் பெயர் பியூரோலேட்டர். 'ப்யூர் ஆயில் லேட்டர்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்த பெயர். பிறகு சுத்தமாகும் எண்ணெய் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் அலமாரிகளிலும் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ விஞ்ஞானிக்குச் சூட்டிய லத்தீன் பெயர் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் :)

1924 ஜனவரியில் வால்டர் கிரைஸ்லர் தன் பெயரில் முதல் காரை நியூயார்க்கில் காட்டினார். அதில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், பம்ப் வைத்து அழுத்தத்தில் எண்ணெய் அனுப்பும் முறை, ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் எல்லாம் இருந்தன. நடுத்தர விலைக் காரில் இதெல்லாம் சேர்ந்து வந்தது பெரிய விஷயம். முதல் வருடமே சுமார் 32,000 கார்கள் விற்றன. விற்றது ஃபில்டருக்காக என்று நான் சொல்லமாட்டேன். பிரேக்குக்காகவும் வேகத்துக்காகவும்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் 'எங்கள் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்' என்று விளம்பரத்தில் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக ஃபில்டர் பக்கம் திரும்பின.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அந்தக் கால ஃபில்டர்கள் எண்ணெய் போகும் பாதையின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தன. இதை பைபாஸ் முறை என்பார்கள். பம்ப் அனுப்பும் எண்ணெயில் பெரும்பகுதி வடிகட்டப்படாமல் நேராக பேரிங்குகளுக்குப் போகும். பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஒரு சின்னக் குழாயில் கிளை பிரிந்து, ஃபில்டருக்குள் நுழைந்து, சுத்தமாகி, அடியிலுள்ள ஆயில் சம்ப்புக்கே திரும்பும். டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறுவார்களே, அந்த மாதிரி. எல்லா பஸ்ஸிலும் ஏற மாட்டார்கள். ஆனால் ஒரே ஆள் தினமும் டிக்கெட் எடுக்காமல் போனால் என்றாவது மாட்டுவார். எண்ணெயும் அப்படித்தான், சுற்றிச் சுற்றி வருவதால் எப்போதாவது ஒரு முறை ஃபில்டரில் மாட்டும்.

ஓரத்தில் இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கிளைக் குழாயில் ஓட்டம் நின்றுவிடும், பெரிய பாதையில் எண்ணெய் வழக்கம்போலப் போகும். பழைய மெக்கானிக்குகள் ஃபில்டர் அடைத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஃபில்டரின் மேல் கையை வைப்பார்கள். சுட்டால் எண்ணெய் ஓடுகிறது, குளிர்ந்திருந்தால் ஓடவில்லை, மாற்று. அடைத்துப்போய் எத்தனை மாதமாயிற்றோ, கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்!

அதனால் எதை மாட்டினாலும் சரி என்ற மனப்பான்மையும் இருந்தது. பருத்தித் துணி, நூல் கழிவு, ஃபெல்ட் என்று பலதையும் வைத்து வடிகட்டினார்கள். இதன் உச்சமாக, கழிப்பறைக் காகித உருளையையே வைத்து வடிகட்டும் ஃப்ரான்ட்ஸ் என்ற ஃபில்டரும் அமெரிக்காவில் விற்றது. சிரிக்க வேண்டாம், இறுக்கிச் சுற்றிய காகிதம் உண்மையிலேயே மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும். ஓட்டத்துக்குத்தான் அது தடை. ஓரத்தில் இருப்பதற்கு ஓட்டம் எதற்கு?

பிறகு ஏன் ஃபில்டரை நடுப்பாதைக்குக் கொண்டுவந்தார்கள்? எனக்குத் தெரிந்து மூன்று விஷயங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

முதலாவது எண்ணெயே மாறியது. 1930-களின் நடுவில் கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் ரிங்குகள் கசடு பிடித்து ஒட்டிக்கொள்ளும் தொல்லை பெரிதாக இருந்தது. அதற்காக, சோப்பு துணியைச் சுத்தம் செய்வதுபோல் உலோகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் டிடர்ஜென்ட் சேர்த்த எண்ணெய்கள் வந்தன. போருக்குப் பிறகு பெட்ரோல் கார்களுக்கும் அவை பரவின. பழைய எண்ணெயில் அழுக்கு அடியில் சேறாகப் படிந்து கிடக்கும். டிடர்ஜென்ட் எண்ணெய் அழுக்கைப் படியவிடாது, தன்னோடு மிதக்க வைத்தே சுற்றும். மாற்றிய சில நாளிலேயே எண்ணெய் கறுத்துவிடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் ஒன்று, மிதக்கும் அழுக்கு பேரிங் வரைக்கும் போகுமே? அதை நடுவழியில் யாராவது பிடித்தாக வேண்டும்.

இரண்டாவது பேரிங். பாபிட் என்ற வெள்ளீயக் கலவையில் செய்த பழைய பேரிங்குகள் மெத்தென்று இருக்கும். ஒரு மணல் துகள் வந்தால் அதைத் தனக்குள் அமுக்கி விழுங்கிவிடும். எஞ்சின்களின் சக்தி கூடக்கூட அந்த மென்மையான உலோகம் தாங்கவில்லை. செம்பும் ஈயமும் கலந்த கெட்டியான பேரிங்குகள் வந்தன. இவை சுமை தாங்கும், துகளை விழுங்காது. விழுங்கப்படாத துகள் கிராங்க் ஷாஃப்டில் கோடு போடும்.

மூன்றாவது ஹைட்ராலிக் டேப்பெட். வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் இந்தக் குட்டி உருளைகள் 1949-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் வி8 எஞ்சின்களில் இருந்தன. மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் வேலை செய்பவை இவை. அழுக்கு எண்ணெய் உள்ளே போனால் சிக்கிக்கொண்டு டக் டக் என்று அடிக்க ஆரம்பிக்கும்.

இப்படியாக 1940-களிலும் 1950-களிலும் ஃபில்டர் நடுப்பாதைக்கு வந்தது. இதற்கு ஃபுல் ஃப்ளோ என்று பெயர். பம்ப்பிலிருந்து புறப்படும் எண்ணெய் முழுவதும் முதலில் ஃபில்டருக்குள் போய் வந்துதான் பேரிங்கைத் தொட வேண்டும். டிக்கெட் பரிசோதகர் இறங்கிவிட்டார், மெட்ரோ ரயில் கேட் வந்துவிட்டது!

ஆனால் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான். 1955-ல் செவ்ரோலே புத்தம்புதிதாக ஒரு வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 265 கன அங்குலம், அதாவது சுமார் 4.3 லிட்டர். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஓடின, கோடிக்கணக்கில் செய்யப்பட்டன, உலகத்தின் மிகப் புகழ்பெற்ற எஞ்சின் வரிசைகளில் ஒன்று. அந்த 1955 எஞ்சினின் பிளாக்கில் ஆயில் ஃபில்டரைப் பொருத்த இடமே விடவில்லை! வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து, வெளியே குழாய் இழுத்து, பைபாஸ் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். ஃபில்டர் வந்து முப்பது வருடம் கழித்தும் ஒரு பெரிய கம்பெனிக்கு அது 'வேண்டுமானால் வைத்துக்கொள்' சாமான். அடுத்த வருடமே, 1956-ல், பிளாக்கை மாற்றி ஃபுல் ஃப்ளோ ஃபில்டருக்கு இடம் வைத்தார்கள்.

நடுவில் வந்து உட்கார்ந்ததும் ஃபில்டரின் பொறுப்பு தலைகீழாக மாறியது. இப்போது அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு எண்ணெயே இல்லை. குளிர்காலக் காலையில் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும்போது காகிதத்துக்குள் நுழையவே திணறும். அதனால் ஃபில்டருக்கு ஒரு அவசர வாசல் தேவைப்பட்டது. இதுதான் பைபாஸ் வால்வ். (பழைய பைபாஸ் ஃபில்டர் வேறு, இந்த பைபாஸ் வால்வ் வேறு. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்துக் குழப்பியவர்களைத் திட்டிக்கொள்ளுங்கள்.) உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால், பெரும்பாலான கார்களில் அது அரை பாரிலிருந்து ஒன்றரை பாருக்குள் இருக்கும், ஸ்பிரிங் அமுங்கி வால்வ் திறந்துகொள்ளும். எண்ணெய் வடிகட்டப்படாமலே போகும். அழுக்கு எண்ணெயாவது கிடைக்கட்டும், வறண்டு ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல் என்ற கணக்கு.

இந்த வால்வ் எங்கே இருக்கிறது என்பதில்தான் ஃபில்டர் வாங்கும்போது செய்யும் தவறுகளில் ஒன்று ஒளிந்திருக்கிறது. சில கார்களில் அது ஃபில்டர் டப்பாவுக்குள்ளேயே இருக்கும். அந்த செவ்ரோலே வி8 மாதிரி சிலவற்றில் எஞ்சின் பக்கத்தில் இருக்கும், அவற்றின் ஃபில்டரில் வால்வ் தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு டப்பாவும் ஒரே மாதிரிதான். வால்வ் இல்லாத டப்பாவை, எஞ்சினிலும் வால்வ் இல்லாத காரில் மாட்டினால் என்ன ஆகும்? வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஃபில்டர் அடைக்கும் நாளில் தெரியும்.

சரி, டப்பா எப்போது வந்தது? ஆரம்பகால ஃபுல் ஃப்ளோ ஃபில்டர்களில் பலவும் கிண்ண வகை. ஓர் இரும்புக் கிண்ணம், உள்ளே மாற்றக்கூடிய ஃபெல்ட் அல்லது மடித்த காகித உருளை, நடுவே நீளமான ஒரு போல்ட். நம் அம்பாசடர் இந்த வகைதான். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த கார் அது. பின்னால் அதில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் ஃபில்டர் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு அரைமணி நேரக் குளியல். போல்ட்டைக் கழற்றினால் கிண்ணத்தோடு கறுப்பு எண்ணெய் கையில் கொட்டும். ஸ்பிரிங், வாஷர் எல்லாம் உருண்டு ஓடும். கிண்ணத்தைக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும்விட, கிண்ணத்தின் விளிம்பு உட்காரும் ரப்பர் ரிங் மேலே எஞ்சின் பக்கத்துப் பள்ளத்துக்குள் இருக்கும். எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன ரிங் அந்தப் பள்ளத்தோடு பள்ளமாகத் தெரியும். ஊசியால் நோண்டி எடுத்தால்தான் வரும். எடுக்காமல் அதன் மேலேயே புது ரிங்கை வைத்தவர்கள் உண்டு.

1954-ல் ஸ்பின் ஆன் ஃபில்டர் வந்தது. கிண்ணம், காகிதம், வால்வ், ரிங் எல்லாம் ஒரே டப்பாவில். கழற்றித் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைத் திருகினால் முடிந்தது. பழைய கார்களுக்கும் இதை மாட்ட மாற்று அடாப்டர்கள் விற்றன. செவ்ரோலே வி8 1968-ல் இதற்கு மாறியது. நம் ஊரில் இதைப் பழக்கப்படுத்தியதில் 1983-ல் வந்த மாருதி 800-க்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். மெக்கானிக் இல்லாத வீட்டிலும் ஃபில்டர் மாற்றலாம் என்று ஆனது இந்த டப்பாவால்தான். அமெரிக்காவில் ஃப்ராம் கம்பெனி 1970-களில் ஒரு டி.வி. விளம்பரம் போட்டது. எஞ்சினைப் பிரித்து வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர், ஃபில்டருக்கு இப்போதே கொஞ்சம் கொடுக்கிறீர்களா, அப்புறம் என்னிடம் வந்து நிறையக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார். வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறவர்களைக் குறிவைத்த விளம்பரம்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும். பார்த்தால் பொருந்தும் போலத்தான் தெரியும். மரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பின் ஆன் பிறந்தது அமெரிக்காவில் என்பதால் முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை என்பது ஒரு பரவலான அளவு. டொயோட்டா இன்றுவரை பல எஞ்சின்களில் அதையே வைத்திருக்கிறது. ஹோண்டா முதலிய சிலர் 20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட மெட்ரிக் மரைக்கு மாறினார்கள். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ. விட்டத்தில் வித்தியாசம் ஒரு மி.மீட்டருக்கும் குறைவு. மரை இடைவெளி 1.59-க்கு 1.5. 20 மி.மீ. டப்பாவை முக்கால் அங்குல ஸ்டடில் வைத்தால் அது ஏறும்! கொஞ்சம் லூசாக ஏறும். இறுகின மாதிரியும் இருக்கும். எஞ்சின் வேகமெடுத்து அழுத்தம் ஏறும்போது மரை வழுக்கி டப்பா கழன்று போகும். அதனால்தான் கடையில் 'இதே சைஸ்தான் சார், போட்டுக்கலாம்' என்று எடுத்து நீட்டினால் வாங்கக்கூடாது. கார் மாடல், வருடம், எஞ்சின் மூன்றையும் சொல்லி, கம்பெனி எண்ணையோ அதற்குச் சமமான எண்ணையோ பட்டியலில் பார்த்து வாங்க வேண்டும். பழைய டப்பாவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் ரிங்கின் விட்டத்தையும் மரையையும்தான் அப்படிப் பார்க்க முடியும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைப் பார்க்க முடியாது.

உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. சில எஞ்சின்களில் டப்பா படுத்த நிலையிலோ தலைகீழாகவோ நிற்கும். எஞ்சினை அணைத்தால் டப்பாவிலிருக்கும் எண்ணெய் திரும்ப வடிந்துவிடும். மறுநாள் காலை டப்பா நிரம்பும்வரை பேரிங்குகள் காத்திருக்க வேண்டும். இதைத் தடுக்க டப்பாவின் வாயில் உள்பக்கமாக ஒரு ரப்பர் மடல் வைத்திருப்பார்கள். மலிவான போலி ஃபில்டர்களில் இந்த மடல் விறைத்துப்போய் வேலை செய்யாது, அல்லது இருக்கவே இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்து நின்றால், ஃபில்டரைச் சந்தேகப்படலாம். எங்கள் ஒர்க்‌ஷாப் வகுப்பில் நல்ல ஃபில்டர் ஒன்றையும் போலி ஒன்றையும் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். நல்லதில் காகித மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் இருந்தன. போலியில் மடிப்புகளை எண்ணிவிடலாம், ஒரு பக்கம் பசையே ஒட்டவில்லை. எண்ணெய் காகிதத்துக்குள் நுழையாமல் அந்தச் சந்து வழியாகவே போய் வந்திருக்கும்.

இனி அட்டைப்பெட்டிக் குறிப்புகளுக்கு வருவோம்.

பழைய ரிங். அம்பாசடர் கிண்ணத்தின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்ட அதே ஆசாமிதான். ஸ்பின் ஆனில் ரிங் டப்பாவோடு வர வேண்டும், ஆனால் சூட்டில் வெந்து எஞ்சினின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது உண்டு. அதைப் பார்க்காமல் புது டப்பாவைத் திருகினால் இரண்டு ரிங் ஒன்றன் மேல் ஒன்று. கராஜில் ஓடவிட்டால் கசியாது. அழுத்தம் ஏறியதும் ஒரு ரிங் வெளியே பிதுங்கும். என் மாமா ஒருவரின் காருக்கு இது நடந்தது. எங்கே சர்வீஸ் செய்தார் என்பது வேண்டாம். திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்த்த உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். பின்னால் ரோட்டில் நீளமாக எண்ணெய்க் கோடு. மூன்றரை லிட்டரில் கிட்டத்தட்ட எல்லாமே போயிருந்தது. கழற்றிப் பார்த்தால் டப்பாவில் ஒரு ரிங், எஞ்சினில் ஒரு ரிங். 'அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிடலாம்' என்று நினைத்திருந்தால் எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும். பைபாஸ் காலத்தில் இப்படிக் கசிந்தால் ஒரு மெல்லிய கிளைக் குழாயின் எண்ணெய்தான் போகும். நடுப்பாதையில் கசிந்தால் பம்ப் தன் முழு பலத்தோடு எண்ணெயை ரோட்டில் கொட்டும்.

ரிங்கில் எண்ணெய் தடவுவது ஏன்? காய்ந்த ரப்பர் உலோகத்தின் மேல் திரும்பும்போது வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ரிங் ஒரு பக்கம் மடிந்து கசியும். காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ரிங்தான் அடுத்த தடவை எஞ்சினிலேயே தங்கிவிடும் ரிங்கும். புது எண்ணெயை விரலில் தொட்டு ஒரு சுற்று தடவினால் போதும். கிரீஸ் வேண்டாம்.

முக்கால் சுற்று என்பது ரப்பர் தேவையான அளவு அமுங்குவதற்கான கணக்கு. சில டப்பாக்களில் ஒரு சுற்று என்று இருக்கும், அந்தந்த டப்பாவில் போட்டிருப்பதுதான் அதற்குச் சட்டம். கையால் திருகுவதே போதும். பெல்ட் ஸ்பேனரும் சங்கிலி ஸ்பேனரும் கழற்றுவதற்கு மட்டும். மாட்டும்போதும் அதைப் போட்டு இறுக்குகிறவர் அடுத்த தடவை கழற்றுகிறவரின் சாபத்தை வாங்கிக்கொள்கிறார். அப்படி இறுகிய டப்பாவில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்புவார்கள். டப்பா கிழியும், மரைத் தகடு எஞ்சினிலேயே நிற்கும்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். டப்பாவின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டும் கார்களில் உள்ளே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிவிட்டு மாட்டலாம், முதல் ஸ்டார்ட்டில் பேரிங் காத்திருக்காது. படுத்தபடி நிற்கும் டப்பாவில் ஊற்றினால் தரைக்குத்தான் லாபம். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, ரேஸ் செய்யாமல், ரிங்கைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். டப்பா குடித்த எண்ணெய் அளவுக்கு மட்டம் இறங்கியிருக்கும், அதை ஊற்ற வேண்டும்.

(பைக் வைத்திருக்கும் நண்பர்கள் இதையெல்லாம் தேட வேண்டாம். ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சினில் காகித ஃபில்டரே கிடையாது. சுற்றும் கிண்ணம் ஒன்று மையவிலக்கு விசையால் அழுக்கை விளிம்பில் ஒதுக்கி வைக்கும், கூட ஒரு கம்பி வலை. அவ்வப்போது திறந்து துடைக்க வேண்டும்.)

டப்பாவின் காலமும் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஓர் இரும்புக் கிண்ணத்தை, உள்ளே தங்கிய எண்ணெயோடு, குப்பையில் போடுகிறோம். நம் நாட்டுச் சட்டப்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவு, சாக்கடையில் ஊற்றக்கூடாது. டப்பாவைக் கவிழ்த்து நன்றாக வடியவிட்டு, வடிந்ததைப் பழைய எண்ணெயோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1990-களிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகளும், பிறகு ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் உள்ளிருக்கும் காகித உருளையை மட்டும் மாற்றும் வகைக்குத் திரும்பினார்கள். கிண்ணம் எஞ்சினோடேயே இருக்கும், மூடி மட்டும் கழலும். மூடி பல கார்களில் பிளாஸ்டிக். டொயோட்டா மூடி சிலவற்றில் 25 நியூட்டன் மீட்டர் என்று இறுக்க வேண்டிய அளவையே அச்சிட்டிருக்கிறார்கள். முக்கால் சுற்றுக்குப் பதிலாக இப்போது டார்க் ரெஞ்ச். மூடியில் ஒன்றுக்கு மேல் பள்ளங்கள் தெரியும், ஓ-ரிங்கைச் சரியான பள்ளத்தில் போட வேண்டும். தவறான பள்ளத்தில் போட்டால் மூடி இறுகும், எண்ணெயும் வரும்.

எங்கள் தெரு முனையில் அம்பாசடர் காலத்திலிருந்து வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இந்த வகை ஃபில்டரை முதல் தடவை கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, புது டிசைன்னாங்க, இது நம்ம பழைய கிண்ணம்தானே?" என்றார். பிறகு சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்த ஊக்கை எடுத்து, பழைய ரிங்கைப் பள்ளத்திலிருந்து நோண்ட ஆரம்பித்தார்.